நேசப்பட்டை

நாடாவாள் நின்றது. சீலா மீனின் வாலுக்கும் பிரகாசியின் கட்டைவிரலுக்கும் நடுவில், ரப்பர் கையுறையில் ஒரு கீறல் மட்டும் போட்டுவிட்டு, பல்லைக் காட்டிக்கொண்டு அப்படியே நின்றது.

வெட்டுக்கூடத்தில் இருந்த பெண்கள் யாரும் மீனைப் பார்க்கவில்லை. வாளையும் பார்க்கவில்லை. பிரகாசியின் விரலைக்கூடப் பார்க்கவில்லை. ஒருத்தி நெற்றியை இன்னொருத்தி பார்த்தாள். யாருடைய நெற்றிப்பட்டையில் விளக்கு எரிகிறது என்பதுதான் அவர்களுக்கு முக்கியம்.

இரண்டாம் வாளில் நின்ற இசக்கியின் நெற்றியில் பச்சை எரிந்தது.

"இந்தத் தடவையும் இசக்கிதான்" என்றாள் ட்ரே தூக்கிக்கொண்டு போன ஒருத்தி. எல்லோரும் கைதட்டினார்கள். ஈரக் கையுறைகள் என்பதால் சொத்து சொத்தென்று சத்தம் வந்தது. பிரகாசி கம்பூட் வழுக்க ஓடிவந்து இசக்கியைக் கட்டிக்கொண்டாள்.

"நீ இல்லேன்னா எங் கை போயிருக்கும்ட்டி. எங்கூடப் பொறந்தவளுக்குக்கூட எம்மேல இம்புட்டுப் பாசம் கிடையாது."

இசக்கி சிரித்தாள். சிரிக்காமல் வேறு என்ன செய்வது.

தூத்துக்குடியில் மீன் கம்பெனிக்குப் போகிற பெண்களை ஒரு காலத்தில் பேருந்திலேயே அடையாளம் சொல்லிவிடலாம். மேல்கம்பியைப் பிடித்திருக்கும் கையில் விரல் குறைந்தால் அவள் நாடாவாள்காரி. உறைந்து கல்லாகிப்போன மீனை மேசையில் வைத்து, நட்டுக்குத்தாக ஓடும் பல்நாடாவின் மேல் தள்ள வேண்டும். துண்டு துண்டாக விழும். தலைப்பக்கத்தில் பயமில்லை. வால் நெருங்கும்போதுதான் பிடிக்க இடம் இருக்காது. தள்ளுவதற்கு மரக்கட்டை ஒன்று கொடுத்திருந்தார்கள். ஆனால் கட்டையைத் தேடி எடுத்துத் தள்ளுவதற்குள் பக்கத்து மேசைக்காரி அடுத்த மீனைப் பாதி முடித்திருப்பாள். அதனால் கட்டை மேசைக்கு அடியில் கிடக்கும், விரல் வாளுக்கு முன்னால் இருக்கும். குளிரில் விறைத்த விரலுக்கு வெட்டுப்படுவதும் தெரியாது. ட்ரேயில் ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் யாருடையது என்று தேடுவார்கள்.

ஒளிவேலி போட்டுப் பார்த்தார்கள். வெப்பக்கண் வைத்துப் பார்த்தார்கள். ஈரக் கையுறைக்குள் விறைத்த கைக்கும் பக்கத்தில் கிடக்கும் மீனுக்கும் அந்தக் கருவிகளுக்கு வித்தியாசம் தெரியவில்லை. மீனைக் கண்டு நின்றன, கையைக் கண்டு ஓடின. வேலை கெடுகிறது என்று சூப்பர்வைசர்களே அவற்றைப் பிடுங்கி மூலையில் போட்டார்கள்.

அதற்குப் பிறகு வந்ததுதான் நேசப்பட்டை. ஒரு கை தவறப்போவது முதலில் யாருக்குத் தெரியும்? பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும் இன்னொரு மனுஷிக்கு. அவள் வாயைத் திறந்து "ஏட்டி" என்பதற்குள் காரியம் முடிந்துவிடும். ஆனால் வாய் திறப்பதற்கு முன்பே அவள் மூளையில் ஓர் அலை எழும்பிவிடுகிறது. முன்னறி அலை என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். நெற்றியில் கட்டிய பட்டை அந்த அலையைப் பிடித்து வாளுக்குச் சொல்லும். வாள் கண் இமைப்பதற்குள் நிற்கும். யாருடைய அலை முந்தியதோ அவள் நெற்றியில் பச்சை எரியும்.

'உன்னை நேசிக்கும் கண் உன் கையைக் காக்கும்' என்று கம்பெனி சுவரில் பெரிதாக எழுதிப்போட்டது. அன்றிலிருந்து யாருக்கு யார் மேல் பாசம் என்பது வெட்டுக்கூடத்தில் ஒளிவு மறைவில்லாத விஷயமாகிவிட்டது. வருஷக்கணக்காகப் பேச்சுவார்த்தை இல்லாத மாமியாரும் மருமகளும் ஒரே ஷிப்டில் நின்று, மருமகள் கை தவறியபோது மாமியார் நெற்றியில் பச்சை எரிந்து, இரண்டு பேரும் கட்டிப்பிடித்து அழுது ராசியான கதையெல்லாம் உண்டு.

ஆனால் இசக்கிக்குத் தன் மனசு தெரியும். பிரகாசியின் கட்டைவிரல் வாளை நோக்கிச் சறுக்கிய அந்த நொடியில் அவள் நெஞ்சில் எழும்பியது பாசமில்லை. 'மாட்டினா.' அவ்வளவுதான். பற்றவைத்த வெடி வெடிப்பதற்கு முன்னால் காதைப் பொத்திக்கொண்டு நிற்கும்போது வருமே ஒரு குறுகுறுப்பு, அது. வாள் நின்றதும் அவளுக்கு வந்தது நிம்மதியா ஏமாற்றமா என்று கேட்டால், சத்தியமாக ஏமாற்றம்.

இரண்டு பேரும் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவர்கள். பிரகாசிக்கு முதல் வாள் கிடைத்தது. அது கதவை ஒட்டி இருந்தது, கொஞ்சம் வெதுவெதுப்பு வரும். இசக்கிக்கு வாய்த்த இரண்டாம் வாள் குளிரூதியின் நேர் வாயில். முதல் வாள்காரியின் படம் கம்பெனி வாசலில் சட்டம் போட்டுத் தொங்கும். ஆண்டு விழாவில் பட்டுச்சேலை அவளுக்குத்தான். அதுகூடப் போகட்டும். ஷிப்ட் முடிந்து வெளியே வந்தால் பிரகாசியின் புருஷன் ரொசாரி பைக்கில் காத்திருப்பான். கல்யாணமாகி இத்தனை வருஷம் ஆன பிறகும் பெண்டாட்டிக்காக வெயிலில் நிற்கிற ஆம்பளை. இசக்கியின் புருஷன் மஸ்கட்டில் இருந்தான். வெள்ளிக்கிழமை பேசுவான். பேச்சில் பாதி அவன் அறையில் ஏ.சி. ஓடாதது பற்றி.

பிரகாசியின் முடி தொப்பிக்குள் அடங்காது. பிரகாசியின் மகளுக்குக் கணக்கு வரும். பிரகாசி வைக்கிற நண்டுக் குழம்புக்குத் தெருவே வாசம் பிடிக்கும். இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அவள் நல்லவளாக வேறு இருந்தாள், அதைத்தான் பொறுக்க முடியவில்லை. கெட்டவள் மேல் பொறாமைப்பட்டால் துணைக்கு நாலு பேர் சேர்வார்கள். நல்லவள் மேல் பொறாமைப்படுகிறவள் தனியாகத்தான் பட்டுக்கொள்ள வேண்டும். இசக்கி தனியாகவே பட்டாள். வேலை நேரம் பூராவும் அவள் கண் பிரகாசியின் கைகளில் இருந்தது. எந்த மீனுக்கு எந்த விரல் மடங்கும், களைத்துப்போனால் இடது மணிக்கட்டு எப்படித் தொய்யும் என்பதெல்லாம் அவளுக்குத் தன் கையைவிட நன்றாகத் தெரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பிரகாசி நண்டுக் குழம்போடு இசக்கி வீட்டுக்கு வந்தாள். கூடவே ஒரு பொட்டலத்தில் உப்பும் வரமிளகாயும் கொண்டுவந்திருந்தாள். அவள் பூசை தவறாமல் மாதா கோவிலுக்குப் போகிற வேதக்காரிதான். ஆனால் மிளகாய் சுற்றிப் போடுவதில் தூத்துக்குடியில் மத வித்தியாசம் கிடையாது.

"எல்லாரும் ஒன்னப் பத்தித்தான் பேசுதாவ. ஊர்க்கண்ணு பூரா ஒம்மேலதான். உக்காரு, சுத்திப் போடுதேன்."

இசக்கியைக் கிழக்குப் பார்த்து உட்காரவைத்துச் சுற்றினாள். அடுப்பில் போட்டாள். கண்ணேறு இருந்தால் மிளகாய் நெடி வராது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். போட்ட உடனே நெடி மூக்கில் ஏறியது. இரண்டு பேரும் இருமி, கண்ணில் நீர் வழிய, வாசலுக்கு ஓடிவந்தார்கள்.

"மிளகா சரியில்ல போல" என்றாள் பிரகாசி, மூச்சு வாங்கிக்கொண்டே.

இசக்கி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். தன் மேல் ஒரு கெட்ட கண்கூட விழவில்லை என்பது அவளுக்குச் சுருக்கென்றது. குழம்பு வழக்கம்போல அருமையாக இருந்தது. அதுவும் சேர்ந்து எரிந்தது.

சில நாள் கழித்துச் சூரை மீன் வந்து இறங்கியது. இசக்கி வழக்கம்போல ஓரக்கண்ணால் முதல் வாளைப் பார்த்துக்கொண்டே தள்ளினாள். அவள் வாள் நிற்கவில்லை. அவள் கத்திய பிறகு, சூப்பர்வைசர் ஓடிவந்து சிவப்புப் பொத்தானை அடித்த பிறகுதான் நின்றது. இடது கைச் சுண்டுவிரலின் நுனி நகத்தோடு போயிருந்தது.

அவள் முதலில் விரலைப் பார்க்கவில்லை. நெற்றிகளைப் பார்த்தாள். ஒன்றிலும் பச்சை இல்லை.

தையல் போட்டுக் கட்டுடன் திரும்பி வந்தபோது சாப்பாட்டு அறையில் பேச்சு காதில் விழுந்தது. "அவளுக்குன்னு ஒரு கண்ணுகூடவா இல்ல. பாவம், ஊருக்கெல்லாம் பாசம் வச்சா, அவ மேல வைக்க ஒருத்தி இல்ல." பாவம் என்ற சொல் விரலைவிட அதிகம் வலித்தது.

பிரகாசி வீட்டுக்கு வந்து அழுதாள்.

"நான் ஒன்னத்தான்ட்டி பாத்துக்கிட்டு இருந்தேன். மாதா சத்தியமா, ஒம் முகத்ததான் பாத்துக்கிட்டு இருந்தேன். என்னமோ வாட்டமா இருக்காளேன்னு நெனச்சேன், அதுக்குள்ள வெட்டிட்டு. எனக்கு ஏன் எரியல? எம் பாசம் பொய்யாட்டி?"

"விடு" என்றாள் இசக்கி.

பிரகாசி விடவில்லை. பங்குச்சாமியிடம் போய்ச் சொன்னாள். அவர் ஜெபமாலை சொல்லச் சொன்னார். வாள் நிற்கும் அளவுக்குப் பாசம் வரவில்லை என்ற பாவத்துக்கு அதற்கு மேல் என்ன பிராயச்சித்தம் என்று அவருக்கும் தெரிந்திருக்காது. பிரகாசி ஜெபமாலை சொன்னாள், முட்டி தேயச் சொன்னாள். அதைக் கேள்விப்பட்டபோது இசக்கிக்கு உள்ளுக்குள் லேசாக இனித்தது. முதன்முதலாகப் பிரகாசியிடம் ஏதோ ஒன்று குறைவாக இருந்தது.

இனிப்பு அடங்கியதும் பயம் வந்தது. சுண்டுவிரலோடு போகும் என்று என்ன நிச்சயம்? அவள் பாதுகாப்பு அலுவலர் கோமதிநாயகத்தின் அறைக்குப் போனாள். அவர் பட்டாணி கொறித்துக்கொண்டு திரையில் அலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், ஒரு சந்தேகம். பிரகாசிக்கு எம்மேல பாசம் இருக்கு. எனக்கு நல்லாத் தெரியும். ஆனா எரியல."

"எந்திரம்னா அப்பப்ப அப்படித்தாம்மா."

"எனக்கு அவ மேல பாசம் கிடையாது சார். அது எரியுது."

கோமதிநாயகம் மெல்லுவதை நிறுத்தினார். எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"இத வேற யாருகிட்டயும் சொன்னியா?"

"இல்ல."

"சொல்லாத." அவர் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். பொய் சொல்ல நினைத்து அது வராத முகம். "பாசம் முகத்தப் பாக்கும்மா. பொறாமை கையப் பாக்கும். விஷயம் அவ்ளோதான். பாசம் உள்ளவ என்ன செய்வா? கை தவறுதுன்னு தெரிஞ்சதும் ஐயோன்னு கண்ண மூடிருவா. மூடின கண்ணுல என்ன அலை வரும்? பொறாமைப்படுதவ மூடமாட்டா. அவ அதுக்குத்தான வருசக்கணக்கா காத்துக்கிட்டு இருக்கா. எங்களுக்கே முதல்ல புரியல. தாயும் மகளும் பக்கத்துப் பக்கத்துல நின்னா எரியல, ஓரகத்திகளுக்கு உடனே எரியுது."

"அப்ப அந்த மாமியா, மருமக?"

"அதேதான்."

"பெறகு எதுக்கு நேசப்பட்டைன்னு பேரு?"

"பொறாமைப்பட்டைன்னு பேரு வச்சா எவ நெத்தியில கட்டுவா?" என்றார் அவர். ரகசியத்தைச் சொன்னதில் அவருக்கு ஒரு தெம்பு வந்திருந்தது. "கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாதும்பாவ. இங்க கண்ணடி பட்டவளுக்குத்தான் வெட்டு விழாது."

கம்பெனி வாசலில் தொங்கிய திருஷ்டிப் பூசணிக்காயை ஏன் எடுத்தார்கள் என்று இசக்கிக்கு இப்போது சந்தேகம் வந்தது. கேட்டாள்.

"அது சுகாதாரத்துக்கு" என்றார். அவள் பார்த்துக்கொண்டே இருந்ததால், "சரி, அறிவியல் வேற, ஆனாலும் எதுக்கு வம்புன்னுதான்" என்று முடித்தார்.

"அப்ப எம்மேல பொறாமைப்பட எவளும் இல்ல."

கோமதிநாயகம் உத்தரத்தைப் பார்த்தார். "பொறாமைப்பட ஒங்கிட்ட என்னம்மா இருக்கு?" புண்படுத்துகிற எண்ணம் அவருக்கு இல்லை. அதனால்தான் அதிகம் புண்பட்டது. "நல்ல கைகள நாங்க காப்பாத்தணும்லா. அதுக்குத்தான் வாசல்ல போட்டோ, பட்டுச்சேலை, முதல் வாள். அதெல்லாம் பிரகாசிக்காகக் குடுத்ததுன்னு நெனச்சியா? ஒனக்காகக் குடுத்தது. ஒங்கண்ணுக்காக."

தான் வருஷக்கணக்காக எரிந்தது கம்பெனிச் செலவில் என்று இசக்கிக்கு அப்போதுதான் தெரிந்தது. அந்தப் படத்தைக் கடந்து உள்ளே போகும்போதெல்லாம் வயிறு காந்தியதும், பட்டுச்சேலை இரவுகளில் தூக்கம் வராமல் புரண்டதும், யாரோ அறையில் உட்கார்ந்து திட்டம் போட்டு மூட்டிவிட்ட அடுப்பு. அவளுக்கு ஆத்திரம் வந்தது. ஆனால் அதற்குள் அவர் அடுத்ததைச் சொல்லிவிட்டார்.

"இன்னொரு வெட்டு விழுந்தா வெளிநாட்டுக்காரன் சரக்கு எடுக்கமாட்டான். ஒன்னையும் பாத்துக்கணும். முதல் வாள நீ எடுத்துக்க. போட்டோவும் ஒன்னதுதான். நாலு பேரு கண்ணு விழட்டும்."

"அப்ப பிரகாசி?"

"ரெண்டாவது வாள். அவளுக்குத்தான் நீ இருக்கல்லா."

"எல்லாம் எனக்கே கெடச்சிட்டா நான் எதுக்கு சார் அவளப் பாத்துப் பொறாமைப்படப் போறேன்?"

"படுவம்மா" என்றார் கோமதிநாயகம், பட்டாணியை மறுபடி எடுத்துக்கொண்டு. "பொறாமை சர்க்கரை வியாதி மாதிரி. வந்தா போகாது."

அவர் சொன்னது தப்பு என்று இசக்கிக்கு உள்ளூரத் தெரியும். பொறாமையைப் பற்றி அந்தக் கட்டடத்தில் அவளைவிடத் தெரிந்தவர் யாரும் இல்லை. தன் காந்தல் அணைந்தால் பிரகாசியின் கைக்குக் காவல் இல்லை என்றும் தெரியும். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வாசலில் சட்டத்துக்குள் தன் படம் தொங்குவதை அவள் மனசு அதற்குள் பார்த்துவிட்டது.

படம் மாட்டினார்கள். பட்டுச்சேலை கொடுத்தார்கள். மாம்பழ நிறம், அரக்குக் கரை. பிரகாசிதான் அதைப் பிரித்து இசக்கி தோளில் போர்த்திவிட்டு எல்லோரையும்விட ஓங்கிக் கைதட்டினாள். முதல் வாளைத் துடைத்துக் கொடுத்தாள். "ஒனக்கில்லாம யாருக்குட்டி. எங்கைய எத்தன தடவ காப்பாத்துன" என்றாள். மற்றவர்களும் அதையே சொன்னார்கள். தகும், தகும் என்றார்கள். தகும் என்று எல்லோரும் சொல்லுகிற இடத்தில் யாருக்குப் பொறாமை வரும்? இசக்கிக்குக் கிடைத்தது படமும் சேலையும் வாளும்தான். கண் ஒன்றும் கிடைக்கவில்லை.

அவளிடம் இருந்த கண்ணோ மெல்ல மங்கிக்கொண்டு வந்தது. முதல் வாளருகே வெதுவெதுப்பாக இருந்தது. சாயங்காலம் வெளியே வந்து ரொசாரியின் பைக்கைப் பார்த்தாள். பழைய பைக், சீட்டுக் கிழிந்திருந்தது. அவனுக்குத் தொப்பையும் விழுந்திருந்தது. இதைப் பார்த்தா இத்தனை நாள் வயிறெரிந்தோம் என்று அவளுக்கே ஆச்சரியமாகிவிட்டது.

பயந்துபோய் முயற்சி செய்தாள். பிரகாசியின் முடியை நினைத்தாள். அவள் மகளின் கணக்கு மதிப்பெண்ணை நினைத்தாள். நண்டுக் குழம்பை நினைத்தாள், பசிதான் வந்தது. கோபத்தை வரவழைக்கலாம், அழுகையைக்கூட வரவழைக்கலாம், பொறாமையை மட்டும் வேண்டுமென்று வரவழைக்க முடியாது போலிருக்கிறது. குளிரூதியின் வாயில் நின்று பிரகாசி ஓயாமல் தும்மினாள். ஒருநாள் இசக்கி தன் மப்ளரைக் கழற்றி அவள் கழுத்தில் சுற்றிவிட்டாள். சுற்றி முடித்த பிறகு திக்கென்றது. இது என்ன?

"வால்கிட்ட கட்டைய வச்சுத் தள்ளுட்டி" என்றாள்.

பிரகாசி சிரித்தாள். "கட்டை எதுக்கு? நீ இருக்கல்லா."

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். என் கண் இனி உனக்குக் காவல் இல்லை என்று சொல்ல வேண்டுமென்றால், அது ஏன் இத்தனை நாள் காவலாக இருந்தது என்றும் சொல்ல வேண்டும். ஊரே பாசக்காரி என்று கொண்டாடுகிறவளுக்கு அது எளிதில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று வைத்துக்கொண்டாள்.

அந்த நாளை வந்தது. சீலாவின் வால் பனியில் வழுக்கியதை இசக்கி பார்த்தாள். பிரகாசியின் இடது மணிக்கட்டு தொய்வதைப் பார்த்தாள். வலது கை அதைச் சரிசெய்யக் குறுக்கே போவதைப் பார்த்தாள். அடுத்தது என்ன என்று அவளுக்கு மனப்பாடம். முன்பெல்லாம் அந்த இடத்தில்தான் குறுகுறுவென்று வரும். அன்றைக்கு 'ஐயோ, பிரகாசி' என்று வந்தது. அவளை அறியாமல் கண் மூடிக்கொண்டது.

வாள் ஓடிக்கொண்டிருந்த சத்தத்தை அவள் கண்ணை மூடியபடியே கேட்டாள். யாரோ சிவப்புப் பொத்தானை அடிக்கும்வரை அது ஓடியது.

வலது கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போயின. ஐஸில் வைத்து எடுத்துக்கொண்டுபோனார்கள். ஆஸ்பத்திரியில் ஒட்டிப் பார்த்தார்கள், ஒட்டவில்லை.

கம்பெனியில் இசக்கியைப் பார்க்கிற பார்வை மாறிப்போனது. "முதல் வாள் கெடச்சதும் பாசம் போயிட்டு பாத்தியா" என்று அவள் காதுபடவே சொன்னார்கள். பாசம் வந்ததால்தான் விரல் போயிற்று என்று யாரிடம் போய்ச் சொல்வது? கோமதிநாயகம் அவளைக் கூப்பிட்டு, "நீ என்னம்மா இப்படிப் பண்ணிட்ட" என்று குறைபட்டுக்கொண்டார். வியாதி தானாகக் குணமானதற்கு நோயாளியைத் திட்டுகிற டாக்டரை அவள் அன்றுதான் பார்த்தாள்.

அவளுக்காகப் பேசியது பிரகாசி ஒருத்திதான். "அவளச் சொல்லாதீங்க. நாந்தான் கட்டைய எடுக்கல" என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னாளாம்.

இசக்கி ஆஸ்பத்திரிக்குப் போனாள். கட்டிலருகே உட்கார்ந்து, பிரகாசி பேசுவதைக் கேட்டபடியே, வாங்கிப்போயிருந்த ஆரஞ்சை உரிக்கத் தொடங்கினாள். தோலைக் கீறி, சுளை சுளையாகப் பிரித்து, மேல்நாரை நகத்தால் எடுத்துத் தட்டில் வைத்தாள். பிரகாசியின் பேச்சு நடுவில் நின்றுபோனது. இசக்கி நிமிர்ந்து பார்த்தாள்.

பிரகாசி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எவ்வளவு வேகமா உரிக்க" என்றாள் பிரகாசி. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அந்தப் பார்வை இசக்கிக்குத் தெரிந்த பார்வை. கை கழுவும் இடத்துக் கண்ணாடியில் வருஷக்கணக்காக அவள் பார்த்த பார்வை. சுளையை வாயில் கொடுத்தபோது பிரகாசி வாங்கிக்கொண்டாள். கண் மட்டும் விரல்களைவிட்டு நகரவில்லை.

காயம் ஆறியதும் பிரகாசிக்கு உட்கார்ந்து பார்க்கிற வேலை கொடுத்தார்கள். வெட்டிய துண்டுகளை எடை பார்க்க வேண்டும். எடைமேசை முதல் வாளுக்கு நேர் எதிரில் இருந்தது, அங்கேயும் பட்டை கட்ட வேண்டும். வெட்டும்போதெல்லாம் பாட்டு முணுமுணுத்த பிரகாசி இப்போது முணுமுணுப்பதில்லை. துண்டு வரும், எடை போடுவாள், நிமிர்ந்து பார்ப்பாள். தன் கைகளின் மேல் ஏதோ ஊர்வதுபோல இசக்கிக்கு இருக்கும். பழகிக்கொண்டாள்.

ஒருநாள் இசக்கிக்குக் கால் வழுக்கியது. பிடிமானத்துக்காக முன்னால் போன கை நேராக வாளை நோக்கிப் போனது. இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று தெரிந்த கணத்தில் வாள் நின்றது. கையுறையில் ஒரு கீறல் மட்டும்.

எல்லோரும் நெற்றிகளைப் பார்த்தார்கள். எடைமேசையில் பச்சை எரிந்தது.

முதலில் ஒருத்தி கைதட்டினாள், பிறகு கூடமே தட்டியது. "ரெண்டு விரல் போனவளுக்கு எம்புட்டுப் பாசம் பாரு" என்று ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிரகாசி கைதட்டலைக் கேட்டு யாரையும் பார்க்கவில்லை. மேசையிலிருந்து எழுந்து, தலை குனிந்தபடி, கை கழுவும் இடத்துக்குப் போனாள்.

இசக்கி பின்னாலேயே போனாள். பிரகாசி கண்ணாடிக்கு முன்னால் நின்று நெற்றிப்பட்டையை அவிழ்த்துக் கையில் வைத்திருந்தாள். பச்சை இன்னும் அணையவில்லை.

"இசக்கி, ஒன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றாள். "ஒங்கை போகும்போது எம் மனசுல... எனக்குச் சொல்லக் கூசுதுட்டி. நான் நெனச்சது பாசமில்ல. நாளைக்கு சாமிகிட்டப் போயி எல்லாத்தையும் சொல்லி, இந்தக் கெட்ட நெனப்ப எடுத்துப் போடச் சொல்லப் போறேன்."

இசக்கிக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும்போல இருந்தது. நீ ஒன்றும் பாவியில்லை, நானும் இப்படித்தான் எரிந்தேன், நம் இரண்டு பேரையும் எரியவிட்டவர்கள் மேலே அறையில் இருக்கிறார்கள் என்று சொன்னால் போதும், அவள் ஆறிவிடுவாள். ஆறியும் விடுவாள், அதுதான் விஷயம். பிரகாசி நல்லவள். முட்டி போட்டு, ஜெபம் சொல்லி, ஒரு வாரத்தில் மனசைத் துடைத்துச் சுத்தம் செய்துவிடுவாள். அதற்குப் பிறகு வாளுக்கு முன்னால் இந்தக் கை யாரை நம்பிப் போகும்? இசக்கி தன் கையுறையில் இருந்த கீறலைப் பார்த்தாள்.

பிரகாசியின் கையிலிருந்து பட்டையை வாங்கினாள். மூன்று விரலால் முடிச்சுப் போட அவளுக்கு வராது. அதனால் அவளைத் திருப்பி நிறுத்தி, முடியை ஒதுக்கி, நெற்றியில் வைத்து, பின்னால் இறுக்கிக் கட்டிவிட்டாள்.

"பாசந்தான்ட்டி" என்றாள். "பாசம்னா அப்படித்தான் இருக்கும்."